போண்டாவின் தலையும் என் இஞ்ச் டேப்பும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். இங்கே நான், மாமியார், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகன், மூன்று பேர்தான். 2022 தை மாசக் கடைசியில் நாலாவதாக ஒரு இங்கிலீஷ் புல்டாக் குட்டி வந்து சேர்ந்தது. மகன் ரெண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அவர் குவைத்திலிருந்து பணம் போட்டு, திருச்சியில் ஒருவரிடம் 45,000 ரூபாய்க்கு வாங்கினோம். "நாய்க்கு நாப்பத்தஞ்சாயிரமா? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வந்துருக்குமேடி" என்று மாமியார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மாட்டையாவது யாரிடமும் கேட்காமல் வளர்த்திருப்பேன். இந்தக் குட்டியை வளர்க்க ஊரெல்லாம் கேட்டேன். கேட்ட இடமெல்லாம் தப்பாகப் போனதுதான் கதை.

வந்தபோது அதற்கு 55 நாள். உருண்டைத் தலை, அமுங்கின மூக்கு, எண்ணெயில் போட்டு எடுத்த மாதிரி உப்பின கன்னம். மகன் பார்த்த உடனே போண்டா என்று பெயர் வைத்துவிட்டான். நான் தையல்காரி, எதைப் பார்த்தாலும் டேப் எடுக்கிற கை. முதல் நாளே காதுக்கு முன்பக்கமாக உச்சந்தலை மேல் டேப்பை விட்டு, தாடைக்கு அடியில் சுற்றி அளந்தேன். பதினொன்றரை இஞ்ச். தரையிலிருந்து தோள் வரை உயரம் ஏழு இஞ்ச். அளவு நோட்டில், யாரோ ஒருத்தர் கை இறக்கத்துக்கும் கழுத்து இறக்கத்துக்கும் கீழே, 'போ. தலை 11½, உயரம் 7' என்று எழுதிவைத்தேன். விளையாட்டாக ஆரம்பித்த அந்தக் கணக்குதான் பின்னாடி என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கடைசியில் எனக்குப் புத்தி வரவைத்ததும் அதே கணக்குதான்.

முதல் ரெண்டு மாசம் ஆனந்தமாகப் போனது. மூன்று மாசத்தில் தலை 13, நாலு மாசத்தில் பதினாலரை. கீழ்த்தாடை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. புல்டாக் என்றால் கீழ்த்தாடை முன்னே நீட்டிக்கொண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும், படத்தில் எல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். போண்டாவுக்கு வந்த புதிதில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கீழ்வரிசை ஒரு நூல் அளவுதான் முன்னால். 'இது எப்போ வெளியே வரும்?' என்று அவரிடம் வீடியோ காலில் காட்டினால், "வளரட்டும் விடு, இப்பதானே வந்திருக்கு" என்பார். அவருக்கு அங்கே ஆயிரம் வேலை.

வைகாசி பிறந்ததும்தான் கூத்து ஆரம்பித்தது. அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12 வரை வைத்திருக்காமல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஊரே குறுவைக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ கல்யாண ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத அந்த ஒரு மாசத்தில் போண்டா ஆளே மாறிவிட்டான். கால் நீண்டது, இடுப்பு ஒட்டியது, தலை மட்டும் அப்படியே நின்றது. முகம் கொஞ்சம் நீண்டாற்போல் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம்கூட இழுத்துவிட்ட மாதிரி குறைந்துவிட்டது. காது ஒன்று மடிந்தும் ஒன்று பறந்தும் நின்றது. நோட்டைப் பார்த்தால் அஞ்சு மாசத்தில் பதினைந்தரை, ஆறு மாசத்தில் 16, ஏழு மாசத்தில் பதினாறேகால். ரெண்டு மாசத்தில் முக்கால் இஞ்ச். உயரமோ பதினாலு இஞ்சைத் தொடப்போகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இது நாட்டு நாயா, கலப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது.

தஞ்சாவூரில் நாய்த் தீனி விற்கிற ஒரு கடைக்குப் போட்டோவை அனுப்பினேன். கடைக்காரத் தம்பி ஒரே வார்த்தையில் சொன்னார்: "இது கிராஸுக்கா. ஒரிஜினலா இருந்தா இந்நேரம் தலை வெச்சிருக்கும், தாடை வந்திருக்கும்." அன்றைக்கு ராத்திரி நான் அழுதது யாருக்கும் தெரியாது. அவருடைய காசு. வெயிலில் வண்டி ஓட்டி அனுப்பின காசு. ஏமாந்துவிட்டேன் என்று போனில் எப்படிச் சொல்வது? மாமியாரிடம் சொன்னால் கறவை மாடு கதை மறுபடி ஆரம்பிக்கும். யாரிடமும் சொல்லாமல் நானே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன், அங்கேதான் தப்பு.

அதே தம்பி கால்சியம் சிரப் ஒன்று, எலும்புக்கு ஒரு பவுடர், 'தலை வைக்கிற டானிக்' என்று ஒன்று, மூன்றையும் சேர்த்து மாசம் 1,850 ரூபாய்க்குக் கட்டினார். மூன்று மாசம் வாங்கினேன், 5,550. அவர் அனுப்பின 'தெரிஞ்ச ஆள்' ஒருத்தர் வீட்டுக்கு வந்து, குட்டியைத் தூக்கிப் பார்த்து, வாலைத் தடவி, "ஐம்பது சதவீதம்தான் புல்டாக்" என்று சொல்லி ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வாலைத் தடவிப் பார்த்துச் சதவீதம் சொல்லும் வித்தையை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். அவர்தான் இன்னொன்றும் சொன்னார்: ஆட்டுக்கால் எலும்பை வேகவைத்துக் கடிக்கப் போடுங்க, சாக்கைக் கட்டி இழுக்க விடுங்க, தாடை தானா வெளிய வரும் என்று. தினம் சாயங்காலம் உரச் சாக்கை ஒரு முனையில் நானும் மறுமுனையில் போண்டாவுமாக இழுத்துக்கொண்டிருப்போம். தெருவே வேடிக்கை பார்க்கும். ஒரு நாள் எலும்பைக் கடித்த வேகத்தில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து ரத்தம். அதற்கு ஊசி மருந்து என்று 1,200.

அதோடு விட்டேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வைத்துக்கொண்டு, 4,200 ரூபாய் செலவில், திருச்சிக்கே போய் விற்றவரிடம் சண்டை போட்டேன். அந்த மனிதர் கத்தவில்லை. "ஒரு வருஷம் பொறுங்க சிஸ்டர், தலை கடைசியிலதான் வரும்" என்று மட்டும் சொன்னார். 'ஏமாத்துறவன் எல்லாம் இப்படித்தான் பொறுக்கச் சொல்லுவான்' என்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி என்பது தெரிய அதற்கப்புறம் பல மாசம் ஆனது. ஆனால் அன்றைக்கே ஒரு பேப்பரில் வரைந்தாவது காட்டியிருக்கலாம், அல்லது தாய் நாயும் தகப்பனும் ஏழு மாசத்தில் எப்படி இருந்தன என்று ஒரு போட்டோ காட்டியிருக்கலாம். குட்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டு மாசக் குட்டிகளின் போட்டோ எல்லாம் ஒரே அழகுதான், அதை வைத்து ஒன்றும் தெரியாது. தாய் தகப்பன் ஏழெட்டு மாசத்தில் எப்படி, ஒரு வயதில் எப்படி, மூன்று வயதில் எப்படி என்று மூன்று போட்டோ இருந்தால் உங்கள் குட்டி எந்த வழியாகப் போகும் என்று ஒரு மட்டுக்குப் பிடிபட்டுவிடும். நேரில் தாயைப் பார்த்தால் நாலு எட்டு நடக்கவிட்டு அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேளுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆடி வந்தது. எட்டாவது மாசம் நடக்கிறது. ஒரு நாள் வாயில் ஒட்டின கருவேப்பிலையை எடுக்கும்போது கீழ்ப்பக்கம் இடது கோரைப்பல் ரெண்டாகத் தெரிந்தது. ஒன்று ஊசி மாதிரி மெல்லிசு, அதற்கு உள்பக்கம், நாக்கை ஒட்டி, கனமாக இன்னொன்று. மேலே அண்ணத்தில் அது குத்திக் குத்தி ஒரு சின்னக் குழி விழுந்து சிவந்திருந்தது. கொஞ்ச நாளாகத் தீனியை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கிறான் என்பதைக் கவனித்திருந்தேன். அடம் பிடிக்கிறான் என்று நாலு அடிகூடக் கொடுத்திருக்கிறேன். மாசா மாசம் தலையை வெளியே சுற்றிச் சுற்றி அளந்தவள், வாயைத் திறந்து ஒரு தடவை உள்ளே பார்க்கவில்லை.

மறுநாளே தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் பல்லைப் பார்க்கவில்லை. போண்டாவைத் தரையில் விட்டு, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டார். அப்புறம், "வீட்டுல எப்படிம்மா தூங்குவான்?" என்றார். நான் பெருமையாகப் போனை எடுத்துக் காட்டினேன். மெஷினின் இரும்பு மிதி மேல் தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாயில் நூல் கண்டு ஒன்றைக் கவ்வியபடி தூங்குகிற போட்டோ. அவருக்கு அனுப்பி, குவைத்தில் அவர் ரூமில் எல்லோரும் பார்த்துச் சிரித்த போட்டோ அது. நான் தைத்துக்கொண்டிருந்தால் காலுக்கடியில் வந்து அப்படித்தான் படுப்பான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "படுத்தா மூச்சுக் குழி அடைக்குதும்மா. அதான் தலையைத் தூக்கி வெச்சுக்கிறான். வாய் மூடிக்காம இருக்கத்தான் எதையாவது கவ்விக்கிறான்" என்றார். அந்தப் போட்டோவை இன்னும் அழிக்கவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

அவர் எனக்கு விளக்கினதை என் பாஷையில் சொல்கிறேன். புல்டாக்குக் கீழ்த்தாடை அதிகமாக வளர்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் மேல்தாடைதான் குட்டையாக நின்றுவிடுகிறது. அந்த எலும்பு சீக்கிரம் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும், கீழ்த்தாடை தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். மேலும் கீழும் தனித்தனி எலும்பு, தனித்தனிக் கணக்கு. அதனால்தான் ரெண்டு மாசத்தில் நேராக இருந்த பல்வரிசை நாளாக நாளாக விலகுகிறது, ஒரு வயது வரைக்கும்கூட மாறிக்கொண்டே இருக்கும். இது பிறப்பிலேயே எழுதி வருவது. எலும்பைக் கடிக்க விட்டால் கன்னத்துச் சதை வலுக்கும், அவ்வளவுதான். சாக்கு இழுத்தெல்லாம் தாடை எலும்பை நீட்ட முடியாது, பல் மாறுகிற வயதில் அப்படி இழுக்கவே கூடாது. வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும், அதை எந்த வயதிலும் போடாதீர்கள்.

தலைக்கும் அப்படித்தான். முதலில் நீளமும் உயரமும் வளரும், ஒன்பது பத்து மாசத்தில் உயரம் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் மண்டை அகலப்பட ஆரம்பிக்கும், கன்னத்துச் சதை கட்டும், சுருக்கம் ஆழமாகும், கழுத்தில் மாட்டுக்கு இருக்கிற மாதிரி அலைதாடி இறங்கும். ஆண் நாய்க்கு இதெல்லாம் முழுசாக முடிய ரெண்டரை மூன்று வயதாகும். பெட்டைக்குத் தலை எப்போதும் கொஞ்சம் சின்னதுதான், ஆணின் அளவை வைத்து அதை அளக்கக் கூடாது. அஞ்சாறு மாசத்திலிருந்து பத்து மாசம் வரைக்கும் எல்லாப் புல்டாக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும். பத்தாவது படிக்கிற பையன்கள் ஒரு வருஷம் காலும் கையுமாக, மூக்கு மட்டும் பெரிசாக அலைவார்களே, அது மாதிரி. என் மகனும் அப்போது அந்தக் கட்டத்தில்தான் இருந்தான், அவனை யாரும் கிராஸ் என்று சொல்லவில்லை.

நோட்டைக் காட்டினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அமெரிக்கக் கெனல் கிளப் இந்த இனத்துக்கு எழுதிவைத்திருக்கும் தர விதியில், காதுக்கு முன்னால் சுற்றி அளக்கிற தலையளவு, தோள் உயரத்துக்காவது சமமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறதாம். எட்டு மாசத்தில் போண்டாவின் தலை பதினாறரை, உயரம் 14. கணக்குப்படி அவன் எப்போதோ பாஸ். ரெண்டு அளவும் என் கையால் எழுதி, ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூன்று மாசம் அதையே பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன்.

கால்சியம் சிரப் பாட்டிலை எடுத்துக் காட்டியபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளும் சக்தி இருக்காதாம். குறிப்பாக ஆறு மாசத்துக்குள் கொடுத்தது எல்லாம் உள்ளே போய், எலும்பையும் மூட்டையும் கோணலாக்கும். குட்டிகளுக்கென்று பையில் வரும் தீனியில் தேவையானது அளவோடு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு சொட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம் என்றார். முன்னங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், நல்லவேளையாக ஒன்றும் இல்லை. தலை வைக்கிற டானிக் என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

பல் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. நாய்க்குப் பால் பல் 28, நிரந்தரப் பல் 42. முன்பற்கள் மூன்றரை நாலு மாசத்தில் விழ ஆரம்பிக்கும், கோரைப்பல் அஞ்சாறு மாசத்தில், ஏழு மாசத்துக்குள் எல்லாம் மாறிவிட வேண்டும். பெரும்பாலும் பல் விழுவதே தெரியாது, விழுங்கிவிடும். எனக்கு ஒன்றே ஒன்று நூல் டப்பாவுக்குள் கிடைத்தது, அரிசி நொய் அளவு. ஒரே இடத்தில் பால் பல்லும் புதுப் பல்லும் சேர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும். கீழ்க் கோரையில் பால் பல் விழாமல் நின்றால் புதுப் பல் உள்பக்கமாக முளைத்து அண்ணத்தைக் குத்தும், போண்டாவுக்கு நடந்தது அதுதான். ஆறு மாசத்தில் பார்த்திருந்தால் பால் பல்லை எடுத்ததோடு போயிருக்கும், புதுப் பல் தானே கொஞ்சம் வெளியே நகர்ந்திருக்கும். எட்டு மாசத்தில் பார்த்ததால் புதுப் பல்லின் முனையையும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இன்னொன்று கோணல் தாடை. தாடை நீட்டிக்கொண்டிருப்பது இந்த இனத்துக்கு வழக்கம், ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பது குறை. இதைப் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். குட்டி தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது உதட்டை மெதுவாகத் தூக்கி, மேல்வரிசையின் நடு ரெண்டு பல்லுக்கு இடையில் ஒரு நூலை நேர்கீழாகப் பிடியுங்கள். கீழ்வரிசையின் நடுவும் அந்த நூலிலேயே வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பல் வெளியே தெரிகிறது, நாக்கு ஒரே பக்கமாகத் தொங்குகிறது, மெல்லும்போது ஒரு பக்கமாகவே சிந்துகிறது என்றாலும் காட்டிவிடுங்கள். கீழே விழுந்தோ அடிபட்டோ ஒரு பக்க எலும்பு வளராமல் நின்றாலும் இப்படி ஆகும். வாரம் ஒரு தடவை வாயைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை ரெண்டு மாசத்திலேயே பழக்கிவிட்டால் பெரிசானதும் கடிக்காது.

மூச்சு. மேல்தாடை எலும்பு குட்டையானாலும் அதற்குள் இருக்கும் சதை குட்டையாவதில்லை. பெரிய தலையணையைச் சின்ன உறையில் திணித்த மாதிரி, அண்ணத்தின் பின்சதை நீண்டு தொண்டைக்குள் தொங்கும், மூக்குத் துவாரம் அரைக்கண் மூடின மாதிரி இருக்கும். போண்டாவுக்குத் துவாரம் ரெண்டும் வெறும் கீறல். குட்டி வாங்கும்போது நான் தலையைப் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை. மூக்கு ஓட்டை வட்டமாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தலை பெரிசா சின்னதா என்பது அப்புறம். குறட்டை விடுவது செல்லம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கர்புர் என்று சத்தம், உட்கார்ந்தபடி தூக்கம், தாடையைத் தூக்கி வைத்துத் தூக்கம், நாக்கு நீலம் பாய்வது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

பல்லை எடுக்க மயக்க மருந்து கொடுக்கத்தான் வேண்டும். இந்த மாதிரி மூக்கு அமுங்கின நாய்களுக்கு மயக்கம் ஆபத்து. அதனால் ஒரே மயக்கத்தில் மூக்குத் துவாரத்தையும் அகலப்படுத்தி, அண்ணத்துச் சதை எவ்வளவு நீளம் என்றும் பார்த்துவிடலாம் என்றார். யார் வீட்டில் இப்படி ஒரு நாய்க்கு எதற்காக மயக்கம் கொடுத்தாலும் இதைக் கேளுங்கள், ரெண்டு தடவை கொடுப்பதை ஒன்றாக்கலாம். ஆடிப் பெருக்குக்கு அடுத்த வாரம், வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்கு ஏசி கார் வைத்துக் கிளம்பினோம். வெண்ணாற்றுப் பாலத்தில் போகும்போது தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது, போண்டா என் மடியில் தாடையை வைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், கை நடுங்கி என் பெயரே கோணலாக விழுந்தது. வெளியே நாற்காலியில் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், கிராஸ் என்று சொன்னது, டானிக், திருச்சி, எல்லாம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான்.

மயக்கம் தெளிந்த பிறகும் மூச்சுக் குழாயை உடனே எடுக்கவில்லை. அவனாகத் தலையைத் தூக்கி, குழாயைக் கடிக்க ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார்கள். அதுவரை ஒருத்தர் பக்கத்திலேயே நின்றார். இப்படி நிற்க ஆள் இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 14,000 ஆனது. அது வீண் செலவு இல்லை. வீணாய்ப் போனது டானிக், சதவீதக்காரர், உடைந்த பல், திருச்சிக் கார் எல்லாம் சேர்ந்து 11,950. எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கடைக்காரர்களிடம் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு அது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. மாட்டுக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு.

அன்று ராத்திரி அவன் தரையில் தாடையைச் சப்பையாக வைத்துத் தூங்கினான். நான் மெஷினை நிறுத்திவிட்டு, சத்தம் வருகிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குறட்டை முழுசாகப் போகவில்லை, பாதியாகக் குறைந்தது.

அப்புறம் நோட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு வயதில் தலை 18, உயரம் பதினாலே முக்கால். ஒன்றரை வயதில் பத்தொன்பதரை. ரெண்டு வயதில் இருபதரை. உயரம் 15-ல் நின்றுவிட்டது, எடை 25 கிலோ. கீழ்த்தாடை நான் ஒன்றும் செய்யாமலே முன்னே வந்து மேலே வளைந்து நின்றது. பறந்த காதும் பல் மாறி முடிந்ததும் மடிந்துவிட்டது. ஒரு வயசு போட்டோவைத் திருச்சிக்காரருக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சிஸ்டர், எல்லாரும் ஏழாவது மாசம் திட்டுவாங்க" என்று பதில் வந்தது. மூக்கு ஓட்டையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

தலை நிறைய நிறைய வேலையும் கூடும். கீழ்த்தாடை நீண்ட பிறகு ஆழமான கிண்ணத்தில் சாப்பிட முடியாது, மண்வெட்டி மாதிரி கீழ்த்தாடையால் அள்ளித்தான் சாப்பிடுவான். விளிம்பு குறைந்த அகலத் தட்டு வையுங்கள். மூக்குக்கு மேல் மடிப்பு ஆழமாக ஆக, தயிர்ச்சாதமும் கண்ணீரும் உள்ளே தங்கி நாறும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் துணியே நாலு நாள் காயாது, அந்த மடிப்பு எப்படிக் காயும்? தினம் ரெண்டு தடவை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுகிறேன். ஜாக்கெட் லைனிங் வெட்டுத்துணி இதற்கு நன்றாக உதவுகிறது. சித்திரை வைகாசியில் காலை ஆறரைக்கு மேல் வெளியே விடுவதில்லை. மூக்கு அமுங்கின நாய்க்கு மூச்சிரைத்து உடம்பைச் சரியாகக் குளிரவைக்க முடியாது, வெயில் அடித்தால் சீக்கிரமே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஏசி கரண்ட் பில்லை மாமியாரிடம் காட்டுவதில்லை.

ஊர்ப் பேச்சும் கூடவே வளர்ந்தது. புல்டாக் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும், திறக்காது என்று பால்காரர் நம்புகிறார். அப்படி ஒரு பூட்டு எந்த நாய்த் தாடையிலும் கிடையாது, டாக்டரம்மாவிடமே கேட்டேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கட்டிவைத்த காளையின் மூக்கைக் கவ்வ இந்த நாய்களை விட்டு வேடிக்கை பார்த்தார்களாம், 1835-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதன் பின் வந்த தலைமுறைகளுக்குக் கவ்வுகிற வேலை போனது, மூஞ்சி மட்டும் இன்னும் குட்டையாகிக்கொண்டே வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியபோது, "உன் நாயப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாமே" என்று நாலு பேர் வந்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்தது அமெரிக்கன் புல்டாக், அது வேற இனம், காலும் உடம்பும் வேற. அடுத்த மாசமே கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்தும் செய்தது. வாங்கினபோது கொடுத்த பதிவுப் பத்திரத்தை வெளியே எடுத்துவைத்ததோடு சரி. அதுவரை அது ஜாக்கெட் பேட்டர்ன் காகிதங்களுக்கு நடுவில் கிடந்தது.

போன மாசம் எங்கள் அத்தாச்சி மகன் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். ஆறரை மாசம், கால் நீண்டு, முகம் ஒடுங்கி. "அத்தை, இதுக்குத் தலை வருமா?" என்று கேட்டுக்கொண்டே என் இஞ்ச் டேப்பை எடுத்தான். டேப்பை வாங்கி மெஷின் மேல் வைத்துவிட்டு, குட்டியைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே வலது பக்கம் கோரைப்பல் ரெண்டு. வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.